மாதா கோவில்களில் கேட்ட தமிழ்

'கோவில்' என்னும் சொல்லைக் கோ என்றும் இல் என்றும் பிரித்து, அரசன் மனை என்றும் இறைவன் மனை என்றும் பொருள் கூறுவது வகுப்பறையில் நாம் வழக்கமாகச் செய்வதுதான். இச்சொல் சைவ வைணவர்க்கு மட்டுமே உரியதென்று எண்ணிவிடலாகாது. தோட்டப்புறத் தமிழர் மாரியம்மன் கோவில் என்பர், முனீசுவரர் கோவில் என்பர். அதே மூச்சில் மாதா கோவில் என்றும் அந்தோணியார் கோவில் என்றும் சொல்வர். மலாய் மொழியோ இவ்விரண்டையும் வேறு பிரித்துவிட்டது. இந்துக் கோவிலைக் 'குயில்' என்று நம் சொல்லாலேயே வழங்கும் அம்மொழி, கிறித்தவக் கோவிலுக்குப் போர்த்துக்கீசியரிடமிருந்து 'கெரேஜா' என்னும் சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டது. நம் தோட்டத்து மக்களுக்கு அவ்வேறுபாடு தேவைப்படவில்லை. இறைவன் இருக்குமிடம் எதுவாயினும் அவர்களுக்கு அது கோவில்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். எனினும் நான் வளர்ந்த தோட்டத்தில் லயத்து வீடுகளின் ஒரு கோடியில் மாரியம்மனும் மறுகோடியில் மாதாவும் இருந்தனர். மாதா கோவில் என்பது பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட ஒரு சிறு கொட்டகையே. குருவானவர் மாதத்துக்கு ஒரு முறை பட்டணத்திலிருந்து வருவார். மற்ற நாட்களில் அங்கே செபம் நடத்தியவர் உபதேசியார். காலையில் பால்மரம் வெட்டிவிட்டு மாலையில் வெள்ளை வேட்டி உடுத்தி மணியடிக்கும் அப்பெரியவரைச் சிறுவர்களாகிய நாங்கள் எல்லோரும் 'உபதேசியார் தாத்தா' என்றே அழைத்தோம். செபம் முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்துக் கற்பிப்பார். எந்தச் சமயத்துப் பிள்ளை என்று பார்க்கமாட்டார். ழகரம் எழ நாவின் நுனியை எங்கே வளைக்க வேண்டும் என்பதைப் பள்ளியில் கற்கும் முன்னரே அவரிடம் கற்றேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என் தமிழ் உச்சரிப்பைப் பாராட்டிய விரிவுரையாளருக்கு, அது ஒரு தகரக் கொட்டகையில் கற்றது என்பது தெரியாது.

அக்கல்லூரியில் என்னுடன் பயின்ற கத்தோலிக்க நண்பர் ஒருவருடன் கடந்த சில ஆண்டுகளாகப் பள்ளி விடுமுறைகளில் பல ஊர்க் கோவில்களுக்குச் சென்று வருகிறேன். அவர் வழிபடுவார், நான் கடைசி வரிசையில் அமர்ந்து கூரையையும் தூண்களையும் பார்ப்பேன், காதில் விழும் தமிழையும் கேட்பேன். அவ்வாறு கண்டும் கேட்டும் குறித்து வைத்தவற்றில் சிலவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மலாக்காக் குன்றும் முத்துக்குளித்துறையும்

தொடக்கம் மலாக்காவே. போர்த்துக்கீசியர் 1511இல் அந்நகரைக் கைப்பற்றியபின், 1521இல் துவார்த்தே கொயெல்யோ என்னும் தலைவர் குன்றின்மீது அன்னை மரியாளுக்கு ஒரு சிற்றாலயம் கட்டினார். 1548இல் அஃது இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று கூரையின்றி, செம்பாறைச் சுவர்கள் மட்டும் நிற்க, உள்ளே ஒல்லாந்தரின் கல்லறைக் கற்கள் சாத்திவைக்கப்பட்டுள்ள 'செயின்ட் பால்' இடிபாடு அதுவே. சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகின்றனர். தமிழாசிரியர் அங்குச் சற்று நிற்கவேண்டும். ஏனெனில், 1552இல் சீனக் கடற்கரையருகே இறந்த பிரான்சிசு சவேரியாரின் உடல் 1553இல் சில மாதங்கள் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்து, பின்னரே கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அந்தச் சவேரியார் 1545இல் மலாக்காவுக்கு வருமுன் எங்கிருந்தார் எனில், நம் முத்துக்குளித்துறையில் இருந்தார். 1542 முதல் அக்கடற்கரைப் பரதவர் ஊர்களில் மணியடித்துக்கொண்டு நடந்து, செபங்களைத் தமிழறிந்தோர் துணையால் தமிழாக்கி, தாமும் மனப்பாடம் செய்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். தமிழ் அவர் நாவில் நன்றாகப் படியவில்லை என்பர். ஆனால் மக்களின் மொழியில் சொல்லாத செபம் மக்களிடம் தங்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதன் விளைவாக அச்சுலகில் நிகழ்ந்ததை ஆசிரியர் அனைவரும் அறிவர் எனினும், கட்டுரையின் பிற்பகுதிக்குத் தேவையாதலின் ஈண்டு ஒரு முறை கூறிவிடுகிறேன். தமிழ் மொழியில் முதன்முதலாக அச்சேறிய நூல் 1554இல் லிசுபன் நகரில் வெளிவந்த செபநூலாகும். தமிழ்க் கிறித்தவர் மூவர் அதை ஆக்கித் தந்தனர். மொழி தமிழ்தான், எழுத்து உரோமன் எழுத்து. தமிழ் எழுத்தே வார்க்கப்பட்டு அச்சானது அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1578இல் கொல்லத்தில். அண்டிரிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறு நூல் அது. இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதலில் அச்சேறிய மொழி என்னும் சிறப்பு இவ்வாறு தமிழுக்கு வாய்த்தது.

1641இல் ஒல்லாந்தர் மலாக்காவைப் பிடித்ததும் கத்தோலிக்கர் நிலை தாழ்ந்தது. குன்றின்மீதிருந்த கோவில் சீர்திருத்த சபையாரின் கோவிலாயிற்று. பல்லாண்டுகள் ஒளிந்து வழிபட்ட மக்களுக்குப் பின்னர்க் கட்டுப்பாடு தளர்ந்தபோது, 1710இல் எழுந்ததே புனித பேதுரு ஆலயம். மலேசியாவில் இன்றும் வழிபாடு நடைபெறும் கத்தோலிக்க ஆலயங்களுள் மிகப் பழையது இதுவே. வெளியே வெண்முகப்பு, உள்ளே இருமருங்கும் பருத்த தூண்கள், 1608ஆம் ஆண்டு பொறித்த மணி. பெரிய வெள்ளியன்று இறந்த ஏசுவின் உருவத்தைச் சுமந்து மெழுகுவர்த்திகளுடன் சுற்றிவரும் போர்த்துக்கீசிய மரபினரைக் கண்டபோது, இருட்டில் சுடர்கள் அசைந்து செல்லும் அழகு என் நண்பரை மட்டுமல்ல, என்னையும் பேச்சற்றவனாக்கிற்று. அதே ஒல்லாந்தர் ஆட்சியில், 1781இல், மலாக்காச் செட்டிகள் பொய்யாத விநாயகர் கோவிலைக் கட்டினர் என்பதையும் உடன் நினைக்கலாம். இரண்டுக்கும் இடையே நடந்து செல்லும் தொலைவுதான்.

தமிழ் கற்ற பிரெஞ்சுக் குருமார்

தோட்டத் தமிழருக்கும் நகரத் தமிழருக்கும் கோவில் எழுப்பியவர்கள் போர்த்துக்கீசியரல்லர்; பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருமாரே. இங்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. அதைப் பலர் அறிந்திலர். இச்சபை புதுச்சேரியிலும் பணிபுரிந்தது. இச்சபையின் குருமடம் சயாமிலிருந்து போரால் விரட்டப்பட்டு அலைந்தபோது, புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் 1770 முதல் 1782 வரை நடந்தது. பின் 1808இல் பினாங்கில் மீண்டும் தொடங்கப்பட்டது. அன்றியும் 1888இல் மலாக்கா மறைமாவட்டம் மீண்டும் நிறுவப்பட்டபோது, அது புதுச்சேரிப் பேராயத்தின்கீழ் வைக்கப்பட்டு, 1953இல் தானே பேராயம் ஆகும்வரை அவ்வாறே இருந்தது. கடலுக்கு அப்பாலிருந்த புதுச்சேரியும் நம் மலாயாவும் திருச்சபைக் கணக்கில் அறுபத்தைந்து ஆண்டுகள் ஒரே குடும்பமாக இருந்தன என்பது வியப்பன்றோ!

ஆதலால் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக் குருமாருட் சிலர் தமிழ் கற்றனர். பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியேற்றிய ரெனே ஃபே அடிகளார் 1896இல் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயராகவே உயர்ந்தார். சிங்கப்பூரில் பியேர் பாரி அடிகளார் சீனக் கிளைமொழிகளோடு தமிழும் பேசினார். அவர் முயற்சியால் 1870இல் குவீன் ஸ்திரீட்டில் எழுந்த புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் வழிபட்டனர். பூசை இலத்தீனில் நடந்ததால் இருவர்க்கும் பொதுவாக இருந்தது. மறையுரைதான் இருவர்க்கும் வேறு மொழியில் தேவைப்பட்டது. தமிழர் தொகை பெருகவே தனிக்கோவில் வேண்டியதாயிற்று.

ஓஃபிர் சாலைக் கோபுரம்

சிங்கப்பூரில் முதலில் பார்க்கவேண்டியது நல்லாயன் பேராலயம் என்பர். 1843இல் அடிக்கல் நாட்டி 1847இல் திறக்கப்பட்ட அக்கட்டடம், டெனிசு மெக்சுவீனி என்பார் வரைந்த திட்டம். சிலுவை வடிவத் தரையமைப்பும் உருண்ட பெருந்தூண்களும் கொண்டு அடக்கமாக நிற்கிறது. 1839இல் கொரிய நாட்டில் உயிர்த்தியாகம் செய்த இம்பேர் ஆயரின் நினைவே அப்பெயருக்குக் காரணம். ஆடுகளுக்காக உயிர் தருபவனே நல்ல ஆயன் என்னும் கருத்தால் வந்த பெயர். பார்க்கத் தக்கதே. எனினும் என் கால்கள் விரைந்தது ஓஃபிர் சாலைக்கு.

லூர்து மாதா ஆலயம் சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கரின் முதற்கோவில். மெனுவ்ரியே அடிகளார் தமிழ் மக்களிடையே உழைத்து அதற்கு வழிகோலினார். அரசு நிலம் தந்தது. 1886 ஆகஸ்டு 1ஆம் நாள் காசுனியே ஆயர் அடிக்கல் நாட்டினார். 1888இல் கோவில் மந்திரிக்கப்பட்டது. பிரான்சு நாட்டு லூர்து நகரில் 1858இல் அன்னை காட்சியளித்ததாகக் கத்தோலிக்கர் நம்பும் குகையின்மேல், 1876இல் அபிடேகம் செய்யப்பெற்ற மேற்கோவிலே இதற்கு முன்மாதிரி. ஆக, அங்கே அபிடேகம் நடந்து பன்னிரண்டே ஆண்டுகளில் அதன் சாயல் நம் மக்களுக்காக நிலநடுக்கோட்டருகே எழுந்துவிட்டது. சுவான், லெர்மிட் என்னும் இருவர் நடத்திய நிறுவனம் கட்டட வரைவைச் செய்தது. 2005இல் அரசு இதனைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது.

இக்கோவில் 'கோதிக்' முறையைச் சார்ந்தது. இதை மாணவர்க்கு விளக்க ஓர் எளிய வழியுண்டு. நம் கற்கோவில்கள் தூணும் உத்தரமுமாக அமைந்தவை. இரண்டு தூண் நாட்டி மேலே ஒரு கல்லைக் கிடத்தினால், அக்கல் முறியாமல் தாங்கும் தொலைவுதான் தூண்களுக்கு இடைவெளி. பெரிய மண்டபம் வேண்டுமாயின் தூண்களைப் பெருக்கவேண்டும்; ஆயிரங்கால் மண்டபங்கள் அவ்வாறு பிறந்தவை. ஐரோப்பியர் இடைவெளியைத் தாண்ட வளைவைக் கையாண்டனர். அரைவட்ட வளைவு தன்மேல் ஏறும் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். ஆதலின் சுவர் தடிக்கவேண்டும், சாளரம் சிறுக்கவேண்டும். வளைவின் உச்சியைக் கூராக்கினாலோ பாரம் பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்கிவிடும். எஞ்சிய உந்துதலைத் தாங்கச் சுவருக்கு வெளியே ஆங்காங்கே உதைசுவர் எழுப்பினால் போதும். இடையிலுள்ள சுவருக்கு வேலையில்லை. அதைத் திறந்து வண்ணக் கண்ணாடி பதிக்கலாம். உயரமும் ஒளியும் ஒருங்கே கிடைத்துவிடுகின்றன. இம்முறை பாரிசு அருகே செயின்ட் தெனி ஆலயத்தில் 1140களில் தலையெடுத்தது. அதே நூற்றாண்டில்தான் இரண்டாம் இராசராசன் தாராசுரத்துக் கோவிலை எடுத்தான். இரு நாட்டுச் சிற்பிகளும் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் கல்லைக் குடைந்து நுணுக்கம் தேடினார். மற்றவர் கல்லைக் குறைத்து வெளிச்சம் தேடினார்.

நாங்கள் சென்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடுக்கோபுரத்தின் ஊசிமுனை வானில் தனித்து நின்றது. உள்ளே நுழைந்ததும் கண் தானாகவே மேலே செல்கிறது. பின் தூண் வரிசை கண்ணைப் பிடித்துப் பீடத்தின்பால் இழுத்துச் செல்கிறது. நம் கோவிலில் வெளிச்சமான திருச்சுற்றிலிருந்து படிப்படியாக இருட்டுக்குள் போய்க் கருவறையில் ஒற்றைச் சுடரைக் காண்கிறோம். இங்கே நேர்மாறு. உள்ளே போகப் போக ஒளி கூடுகிறது. இரண்டில் எது சிறந்தது என்று கேட்பது பேதைமை. ஆனால் இரண்டுக்குள்ளும் நடந்து பார்த்தவனுக்கு, இறைவனைப் பற்றி இரு சமூகங்கள் சொல்லவிரும்பியது என்ன என்பது சொல்லாமலே விளங்கும்.

பூசை தொடங்கிற்று. ஆர்மோனியமும் தபேலாவும் ஒலிக்க, பெண்கள் கூந்தலில் மல்லிகையுடன் பட்டுச்சேலையில் பாடினர். பிரெஞ்சு நாட்டுக் கூர்வளைவின்கீழ்த் தமிழிசை எவ்வாறு ஒலிக்குமோ என்று ஐயுற்றிருந்தேன். உயரமான கூரை குரலைச் சற்றே தாமதித்துத் திருப்பித் தருகிறது. விரைந்த தாளம் குழம்புகிறது. இழுத்துப் பாடும் பண்களுக்கோ அது தம்பூராவைப்போல் துணைநிற்கிறது. பாடகர் இதை அறிந்தே பாடல்களைத் தேர்ந்திருப்பர் போலும்.

மொழியால் அமைந்த பங்குகள்

நூறாண்டுக்கு முன் ஒரு நகரத்தில் கத்தோலிக்கப் பங்கு என்பது தெருக்களால் வரையறுக்கப்பட்டதன்று. பெரும்பாலும் மொழியால் வரையறுக்கப்பட்டது. கோலாலம்பூரில் தமிழர்க்கு 1910இல் எழுந்த அந்தோணியார் கோவில். பிரிக்பீல்ட்சில் சீனர்க்குச் செபமாலை அன்னை கோவில். சிங்கப்பூர் லூர்து மாதா கோவிலும் அவ்வாறே தீவெங்கும் பரந்திருந்த தமிழர்க்கு உரிய பங்காக நெடுநாள் விளங்கிற்று. 1970களில் அந்நிலை மாறி, சுற்றுவட்டாரத்தில் வாழும் எம்மொழியினர்க்கும் உரிய பங்காயிற்று. பிற ஊர்களிலும் இம்மாற்றம் முன்பின்னாக நிகழ்ந்தது.

இம்மாற்றத்தைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஒரே வீதியில் வாழும் தமிழரும் சீனரும் வெவ்வேறு கோவிலுக்குப் பிரிந்து செல்வது நன்றன்று. ஆயினும் வரலாறு எழுதுவோன் விலையையும் சேர்த்தே எழுதவேண்டும். தமிழ்ப்பங்கில் கோவிற் கணக்கு, அறிவிப்பு, ஞாயிறு மறைக்கல்வி, கல்யாணப் பேச்சு எல்லாம் தமிழில் நடந்தன. நிலவரைப் பங்கில் தமிழ் ஒரு மணி நேரப் பூசையாக ஒடுங்கிற்று. அந்த ஒரு மணிக்கு வெளியே பிள்ளைகள் பேசுவது ஆங்கிலம்.

கிள்ளானில் 1928இல் சூயே அடிகளார் கட்டிய லூர்து மாதா கோவிலுக்கு நான் பலமுறை சென்றிருக்கிறேன்; எங்கள் பகுதிக்கு அண்மையிலுள்ளது. அதுவும் கோதிக் முறையே. சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அந்நாளில் மாட்டுவண்டியிலும் பின்னர் லாரியிலும் திருவிழாவுக்கு வந்ததை முதியோர் இன்றும் சொல்வர். அங்கே ஒரு மூதாட்டி என்னருகே அமர்ந்து, நான் முழந்தாளிடாததைக் கவனித்து, "தம்பி, நீங்க எந்தக் கோவிலு?" என்று கேட்டார். மாரியம்மன் கோவில் என்றேன். "அதுவும் அம்மாதானே, உட்காருங்க" என்று சொல்லித் தம் விசிறியை என்பக்கமும் சற்று வீசினார்.

பீடம் திரும்பிய கதை

பழைய கோவில்களை இன்று பார்ப்பவர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும்: அவை இலத்தீன் பூசைக்காகக் கட்டப்பட்டவை. அக்காலத்தில் பீடம் கடைக்கோடிச் சுவரை ஒட்டி உயர்ந்திருக்கும். குரு மக்களுக்கு முதுகுகாட்டி, மக்களோடு ஒரே திசை நோக்கி நின்று, தாழ்ந்த குரலில் இலத்தீன் மந்திரங்களை ஓதுவார். அவ்வேளையில் மக்கள் செய்தது என்ன? உபதேசியார் தாத்தா எனக்குச் சொல்லியதுண்டு: "சாமியார் அங்கே அவர் பாஷையில சொல்வார்; நாங்க இங்கே எங்க பாஷையில செபமாலை சொல்வோம். மணி அடிச்சா எல்லாரும் தலை குனிவோம்." ஒரே கூரையின்கீழ் இரு வழிபாடுகள் அருகருகே நடந்தன என்று சொல்லத்தகும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட வழிபாட்டு ஆவணம் மக்கள் மொழிக்கு வழிதிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பூசை தமிழுக்கு வந்தது. சவேரியார் கடற்கரையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து ஏறத்தாழ நானூற்றிருபது ஆண்டுகள் கழித்து, பீடத்திலும் தமிழ் ஒலித்தது. பீடம் சுவரைவிட்டு முன்னே வந்தது. குரு மக்களை நோக்கித் திரும்பினார். கட்டடமும் மாறிற்று. சிங்கப்பூர்க் குவீன்ஸ்டவுனில் 1965இல் எழுந்த திவ்விய நற்கருணை ஆலயத்தைப் பாருங்கள். கூரையே சுவராகத் தரைவரை மடிந்து இறங்குகிறது. காகிதத்தை மடித்துச் செய்ததுபோல், பாலைவனத்தில் அடித்த கூடாரம்போல் இருக்கிறது. முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே சென்று அமர்ந்தபின் கருத்தை மாற்றிக்கொண்டேன். பீடம் எட்டாத தொலைவில் இல்லை. சுற்றி அமர்ந்த மக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர்.

திருவிழாக்களைப் பற்றியும் இரண்டொரு சொல். சூன் 13 அந்தோணியார் திருநாள். அதற்கு முன்பே கொடியேற்றம்; ஒன்பது நாள் நவநாள்; முடிவில் மின்விளக்கு அலங்காரத்துடன் தேர். கொடிமரமும் தேரும் ஐரோப்பியர் கொணர்ந்தவையல்ல என்பதை நான் விளக்கத் தேவையில்லை. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலத்தில் சூலை 26ஐ ஒட்டி நடக்கும் விழாவுக்கோ நாடெங்குமிருந்தும் மக்கள் திரள்கின்றனர். 1846இல் சீனக் குடியானவரிடையே தொடங்கிய அத்தலத்தில் 1888இல் கட்டிய பழைய கோவில் இன்னும் நிற்கிறது. அவசரகாலத்தில் அப்பகுதி தடைசெய்யப்பட்டுக் கோவில் பாழடைந்து கிடந்தது, பின்னர் மீண்டது. 2002இல் மினாங்கபாவு மரபில் கூரை வளைந்த பெருங்கோவில் அருகே எழுந்தது. 2019இல் திருத்தலம் 'பசிலிக்கா' நிலைக்கு உயர்த்தப்பட்டது. அங்கே மலாய், மாண்டரின், ஆங்கிலம், தமிழ் நான்கிலும் வழிபாடு நடக்கிறது. மெழுகுவர்த்திப் பவனியில் எனக்கு முன்னே ஒரு சீன மூதாட்டியும் பின்னே ஓர் ஈப்போத் தமிழ்க் குடும்பமும் நடந்தனர். அக்குடும்பத்துத் தந்தை தம் மகளிடம் தமிழில் கேட்டார். மகள் ஆங்கிலத்தில் விடை தந்தாள். என் தலைமையாசிரியக் காது இதைத்தான் முதலில் கேட்கும், என் செய்வது!

ஒரு பாட்டுத் தாள்

சென்ற ஆண்டு ஓர் ஊர்க்கோவிலில் தமிழ்ப் பூசைக்குச் சென்றிருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். வாசலில் ஓர் இளைஞர் பாட்டுத் தாள் கொடுத்தார். தமிழ்ப் பாடல்கள், எழுத்து உரோமன் எழுத்து. லிசுபன் நகரத்து 1554ஆம் ஆண்டு நூல் என் கையில் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அன்று தமிழ் எழுத்தை வார்க்க அச்சில்லை. ஆகவே உரோமன் எழுத்து. அந்தக் குறையைத் தீர்க்கவே பின்வந்தோர் கொல்லத்தில் எழுத்து வார்த்தனர். இன்று கைப்பேசியிலும் தமிழ் எழுத்துண்டு. படிக்கும் கண்தான் குறைந்துவிட்டது.

பாடகர் இளையோர், குரல் வளம் மிக்கவர். ஆனால் ல, ள, ழ மூன்றுக்கும் தாளில் ஒரே எழுத்து. இறைவனை 'வழி' என்று விளிக்கவேண்டிய இடத்தில் அத்தனை பேரும் ஒருமித்து 'வலி' என்று பாடினர். என் நண்பர் தலைகுனிந்தார். வாசகம் வாசிக்க வந்தவர் அறுபது கடந்த ஒருவர், திருத்தமாக வாசித்தார். பூசை முடிந்ததும் அவரிடம் பேசினேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவராம். தமக்குப் பின் வாசிக்க இருவரே உள்ளனர் என்றும், அவ்விருவரும் தம்மைவிட மூத்தவர்கள் என்றும் சொன்னார்.

பாடற்குழுவை நடத்தும் பெண்ணிடம் தாளைப் பற்றி மெல்லச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "சார், தமிழ் எழுத்துல போட்டா பாடறதுக்கு ஆளே வரமாட்டாங்க. இப்படிப் போட்டாத்தான் இத்தனை பேராவது நிக்கிறாங்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயமுண்டு. பாடாமலிருப்பதைவிடப் பிழையாகப் பாடுவது மேல் என்று அவர் கருதுகிறார். பிழையாகப் பாடுவதே பாடாமலிருப்பதற்கு முதற்படி என்று நான் அஞ்சுகிறேன். வாயிலில் நின்று நெடுநேரம் வாதிட்டோம், இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

தமிழ்ப்பள்ளிக்கும் மாதா கோவிலுக்கும் உள்ள இவ்வுறவை நான் முன்பு கருதிப் பார்த்ததில்லை. நம் பள்ளிகளில் பிள்ளைகள் தொகை குறைவதை நாம் வேலைவாய்ப்பு, கட்டடம், மானியம் என்னும் கணக்கில் பேசுகிறோம். ஒரு வகுப்பு குறைந்தால், இருபதாண்டு கழித்து எங்கோ ஒரு கோவிலில் வாசகம் வாசிக்க ஆளில்லாமற் போகிறது என்னும் கணக்கை எந்த ஏட்டிலும் நாம் எழுதுவதில்லை. அது மாதா கோவிலுக்கு மட்டும் உரிய கணக்குமன்று. தேவாரம் ஓதுவதற்கும் இதே கதிதான்.

எங்கள் தோட்டத்து மாதா கோவில் இன்றில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. லயம் காலியானபோது கொட்டகையைப் பிரித்துவிட்டனர். உபதேசியார் தாத்தா அதற்கு முன்பே காலமானார். மாதாவின் சுரூபத்தை மட்டும் பட்டணத்துக் கோவிலுக்கு எடுத்துச் சென்று, பக்கக் கதவருகே வைத்திருக்கின்றனர். நீல அங்கியில் இடதுகை விரலொன்று உடைந்திருக்கும். நாங்கள் சிறுவராய்ப் பந்து விளையாடியபோது நேர்ந்த சேதம். அதைக் கொண்டுதான் நான் அடையாளம் கண்டுகொண்டேன்.

பாட்டுத் தாள் தந்த அந்தக் கோவிலில், பங்குக்குருவின் இசைவோடு, சனிக்கிழமை மாலைகளில் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்துக் கற்பிக்கிறேன். முதல் வாரம் ஒன்பது பேர் வந்தனர். அடுத்த வாரம் ஐவர். இப்போது எழுவர் நிலையாக வருகின்றனர். அவருள் பாடற்குழுவை நடத்தும் அப்பெண்ணும் ஒருவர். உரோமன் எழுத்துத் தாளை அவர் இன்னும் நிறுத்தவில்லை. ஆனால் சென்ற மாதம் முதல் தாளின் மறுபக்கத்தில் அதே பாடல்களைத் தமிழ் எழுத்திலும் அச்சிட்டிருக்கிறார்.